துதிக்க வாய் வராத நாட்களில் என்ன செய்வது?

கஷ்டத்தில் இருக்கும் ஒருவரிடம் "துதியுங்க, துதிச்சா எல்லாம் மாறிடும்" என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். எப்படித் துதிப்பது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை. தொண்டை அடைத்துக்கொண்டு, பைபிளைத் திறந்தால் ஒரு வரிகூட உள்ளே போகாமல், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கையைத் தூக்கிப் பாடும்போது நாம் மட்டும் மரக்கட்டை மாதிரி நிற்கிற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் என்ன செய்வது, ராத்திரி தூக்கம் வராதபோது என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு அண்டர்கிரவுண்ட் வேலை. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போகிற சுரங்கம் அது. காலையில் இறங்கிய மனிதர் சாயங்காலம் மேலே வந்து சேர்ந்தால் அன்றைய ஜெபத்துக்கு அதுவே பதில் என்று அம்மா நினைத்துக்கொள்வார். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்புறம் எங்கள் ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் மாதிரி அப்பாவும் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை, கிருஷ்ணராஜபுரம் வழியாகப் பெங்களூருக்கு வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். வேலை போனது, ஊர் காலியானது, அதையெல்லாம் அப்பா தாங்கிக்கொண்டார். ஆனால் சுரங்கத் தூசி அவர் நுரையீரலை விடவில்லை. சிலிகோசிஸ். இரண்டு வருஷத்துக்கு முன் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், 47 நாள். அதே மாதம் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ். எனக்கு அப்போது ஒரு "ஸ்தோத்திரம்" கூட வாயில் வரவில்லை. கீழே எழுதுவதெல்லாம் அந்த 47 நாளில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது.

முதலில் ஒரு வாய் சாதம்

இதை ஆவிக்குரிய விஷயமாகவே பலர் நினைப்பதில்லை. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய அதே எலியாதான் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அதற்குத் தேவன் பிரசங்கம் செய்யவில்லை, "எங்கே போயிற்று உன் விசுவாசம்" என்று கேட்கவும் இல்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். மலைக்குப் போய்த் தேவனோடு பேசியதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க டீயும் பன்னுமாக ஓட்டிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்குத் தேவன் தூரமாக இருக்கிறாரே என்று அழுதிருக்கிறேன். சர்ச் அக்கா ஒருவர் டிபன் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நகரவில்லை. ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடை எனக்கு அந்தக் கேரியரில் வந்தது. அதனால் ஜெபிக்க முடியவில்லை என்றால் கடைசியாக எப்போது சாப்பிட்டோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரியில் நிற்க வேறு யாராவது வருகிறேன் என்றால் "பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லாமல் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாம் வளர்ந்த விதம் அப்படி. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "கர்த்தர் கிருபையாய் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிடுவோம். அதே பழக்கத்தில் தேவனிடமும் நல்லா இருக்கோம் என்று சொல்லப் பார்க்கிறோம். அங்கேதான் வாய் அடைத்துக்கொள்கிறது. மனசுக்குள் கோபமும் பயமும் கொட்டிக் கிடக்கும்போது அதற்கு மேலே ஒரு துதியை வைத்தால் அது நிற்காது.

சங்கீதங்கள் மொத்தம் 150. அதில் மற்ற எந்த வகையையும் விடப் புலம்பல் வகைதான் அதிகம். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (கத்தோலிக்கர்கள் திருப்பாடல் என்று தேடினால் கிடைக்கும்). ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பிக்கிறது. நான்கு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது. முதல் இரண்டு வசனம் முறையிடுவது, அடுத்த இரண்டு "என்னைப் பாரும், பதில் சொல்லும்" என்று கேட்பது, கடைசி இரண்டில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வந்து, "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. நாம் நேராக ஐந்தாம் வசனத்துக்குக் குதிக்கப் பார்க்கிறோம். தாவீதே முதல் நாலு வசனத்தைத் தாண்டித்தான் அங்கே போனார்.

இதை வைத்து நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள், நான் செய்தது இப்படித்தான். ஒரு மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: "ஆண்டவரே, இன்றைக்கும் அப்பாவுக்கு ஆக்சிஜன் 88-ஐத் தாண்டவில்லை. நாளைக்கு 40,000 கட்ட வேண்டும், கையில் 6,000 இருக்கிறது. எதுவரைக்கும்? அப்பாவுக்கு இன்றைக்கு ராத்திரி மூச்சுத் திணறாமல் தூக்கம் தாரும். பணத்துக்கு ஒரு வழி காட்டும். அன்றைக்கு அப்பா சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டபோது நீர்தான் வெளியே கொண்டுவந்தீர், எனக்கு ஞாபகம் இருக்கிறது." அவ்வளவுதான். முதலில் உள்ள நிலைமை, எண்ணோடு, பேரோடு. அப்புறம் என்ன வேண்டும் என்று தெளிவாக ஒன்றிரண்டு. கடைசியில் முன்னே அவர் செய்த ஒரு காரியம், உங்கள் குடும்பத்துக்கே தெரிந்த ஒன்று. நம்பிக்கை என்று பெரிய வார்த்தை எதுவும் வராவிட்டால் "எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

அதைக்கூட எழுத வரவில்லையா? 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அது கடைசி வரை வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. சிநேகிதரும் தூரமாகிவிட்டார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. இப்படிப் பேசினால் தேவன் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறவர்கள் யோபுவின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். அத்தனை கேள்வி கேட்ட யோபுவை விட்டுவிட்டு, தேவனுக்காக வாதாடிய அந்தச் சிநேகிதர்களைத்தான் "என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை" என்று கடிந்துகொள்கிறார். சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தானே சத்தமிட்டுச் சொன்னார். தாம் எழுப்பப் போகிற லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியிலும் அவர் கண்ணீர் விட்டார்.

வார்த்தை கடன் வாங்கலாம்

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் துதி தானாகப் பொங்கி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வராது, பெரும்பாலும். அதற்குத்தான் பாட்டு இருக்கிறது. பாமாலை, கீர்த்தனை, ஞானப்பாட்டு என்று நம் முன்னோர் கட்டிவைத்ததெல்லாம் சொந்த வார்த்தை தீர்ந்துபோன நாளில் எடுத்துப் புழங்கத்தான். உணர்ச்சி இல்லாமல் பாடினால் அது வேஷம் ஆகிவிடாதா என்று எங்கள் ஆயரிடம் கேட்டேன். எபிரெயர் 13:15-ஐக் காட்டினார், ஸ்தோத்திரபலி. பலி என்றாலே கொடுக்கிறவருக்குக் கொஞ்சம் வலிக்கும் என்றார்.

புதுப் பாட்டு தேடிப் போகாதீர்கள், கஷ்ட காலத்தில் புதிதாக எதுவும் மனசில் ஏறாது. சின்ன வயசில் குடும்ப ஜெபத்தில் பாடியது, பாட்டி மாவாட்டும்போது முனகியது, அப்படி மனப்பாடமாக இருக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க அதையே பாடுங்கள். சத்தம் போட வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சில்க் போர்டு சிக்னலில் வண்டி நகராமல் நிற்கும்போது உதடு அசைந்தால் போதும். அழுகை வந்தால் நிறுத்தி, அடுத்த அடியிலிருந்து தொடருங்கள்.

ஆபகூக் 3:17, 18-ஐ மனப்பாடம் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று வருகிறது. இழந்ததை ஒன்று விடாமல் எண்ணிவிட்டுத்தான் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். அதே புஸ்தகம் முதல் அதிகாரத்தில் "நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்றுதான் தொடங்குகிறது. மூன்றே அதிகாரம், ஒரே உட்காரலில் வாசித்துவிடலாம். அத்தி, திராட்சை இருக்கிற இடத்தில் உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் ஜெபித்தார்: "இன்டர்வியூவிலிருந்து போன் வராமற்போனாலும், பி.எஃப் பணம் தீர்ந்துபோனாலும்" என்று. முதல் நாள் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு முடியவில்லை. மூன்றாம் நாள் முடித்தார்.

நன்றி சொல்வது பற்றி ஒரு சின்ன விளக்கம். 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறது. அதைக் காட்டி, வியாதிக்காகவும் நன்றி சொல்லு, வேலை போனதற்காகவும் நன்றி சொல்லு என்று நெருக்குகிறவர்கள் உண்டு. அதை எழுதிய பவுலே தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் கெஞ்சியிருக்கிறார். முள்ளை நல்லது என்று சொல்லித் தொடங்கவில்லை. ஆகவே கஷ்டத்துக்கு நன்றி சொல்ல வரவில்லையே என்று உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம், கஷ்டத்துக்கு நடுவில் கிடைத்த சின்னச் சின்ன விஷயத்துக்குச் சொல்லுங்கள். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி. என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்: "வாட்ச்மேன் லிஃப்டைப் பிடித்து வைத்தார்." "அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்." "வீட்டு ஓனர் இந்த மாதம் கேட்கவில்லை." ஒன்றுமே கிடைக்காத நாளில் தேதியை மட்டும் எழுதினேன்.

தனியாக இருக்காதீர்கள்

கஷ்டம் வந்தால் சர்ச்சுக்குப் போகாமல் இருப்போம், எல்லோரும் கேட்பார்களே என்று கூச்சம். கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள், பாடாவிட்டாலும் பரவாயில்லை, மற்றவர்கள் பாடுவது உங்கள் மேல் விழட்டும். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்தவர்களின் விசுவாசமும் கணக்கில் வருகிறது. உங்களுக்கு அந்த நான்கு பேர் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அவர்களுக்கு மட்டும் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள். பெரிய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நூறு கைகூப்பின படம் வரும், டிபன் கேரியர் வருவது அந்த நான்கு பேரிடமிருந்துதான்.

பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்கள் தமிழில் ஆராதனை எங்கே என்று தேடித் தவிக்க வேண்டியதில்லை. சிவாஜிநகர், அல்சூர், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருக்கிற இடங்கள், யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். நேரம் மட்டும் போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நிற்க வேண்டும் என்று தோன்றினால் வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயம் இருக்கிறது. சிவாஜிநகர் புனித மரியன்னை ஆலயம் இருக்கிறது, 1973-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. செப்டம்பர் 8 மாதா திருநாளுக்கு முந்தின நவநாட்களில் காவிச் சேலை கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வருவார்கள், எல்லா மதத்தாரும் வருவார்கள். நான் சி.எஸ்.ஐ., ஆனாலும் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மத்தியானம் அந்தப் பசிலிக்காவின் பின்பக்கப் பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னோடு அதே மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர்.

யார் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வீட்டில் ஏதோ பாவம் இருக்கு, அதான்" என்று ஒருவர் என்னிடம் ஆஸ்பத்திரியிலேயே வந்து சொன்னார். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதேதான், அதற்கு இயேசு "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார், யோவான் 9:3. மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், காணிக்கை அனுப்பினால்தான் ஜெபம் என்கிறவர், இவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். துக்கம் வாரக்கணக்கில் விடாமல் அழுத்தினால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அதை விசுவாசக் குறைவு என்று மறைத்து வைக்காதீர்கள். டெலி மானஸ் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழிலும் பேசுவார்கள். பெங்களூரில் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரிடம் போய்விட்டு ஜெபமும் பண்ணலாம், இரண்டுக்கும் சண்டை இல்லை.

கஷ்டப்படுகிற வீட்டுக்கு நீங்கள் போகிறவராக இருந்தால், யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியத்தைச் செய்யுங்கள். ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ராத்திரிக்கு

பகலை எப்படியாவது ஓட்டிவிடலாம், ராத்திரிதான் கஷ்டம். விழிப்பு வந்ததும் போனை எடுக்காதீர்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, முழு ஜெபம் வராவிட்டால் ஒரே வரியை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்", மாற்கு 9:24. வலிப்பால் அவதிப்பட்ட பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடு சொன்னது. பாதி விசுவாசம், பாதி இல்லை, அப்படியே சொன்னார், இயேசு அந்தப் பிள்ளையைக் குணமாக்கினார். அல்லது யோசபாத் ராஜா சொன்னதைச் சொல்லுங்கள், "எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது". மறுநாள் யுத்தத்துக்குப் பாடகர்களை முன்னால் அனுப்பிய அதே ராஜாதான் முந்தின நாள் தெரியவில்லை என்று ஜனங்கள் முன்னால் ஒத்துக்கொண்டவர்.

பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் முதுகெல்லாம் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள். மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு வார்த்தை அங்கே இருக்கிறது, எனக்கு அது ரொம்ப நாள் கண்ணில் பட்டதே இல்லை. 31-ஆம் நாள் ராத்திரி ஜெனரல் வார்டில் அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் ரயிலில் பாடிக்கொண்டே வருகிற பழைய கீர்த்தனை ஒன்றை அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினேன். துதிக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்து ஆரம்பிக்கவில்லை, அவர் தூங்கட்டும் என்றுதான். மறுநாள் ராத்திரி பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, சிக்பள்ளாப்பூர் பக்கத்து அம்மா, தமிழ் சுத்தமாக வராது, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து "நின்னே ஹாடித்ரல்லா, அதன்னே ஹாடி" என்று கேட்டார். நேற்றுப் பாடியதையே பாடச் சொல்கிறார். பாடினேன். இரண்டாவது சரணம் பாதியில் மறந்துபோய் நிறுத்தினேன். அப்பா கண்ணை மூடியபடியே, மூக்கில் வைத்திருந்த மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிவிட்டு, அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்.